வேட்டைக்கு முற்பட்ட வேட்டை



வன்பரணர் பாடிய புறநானூற்றுக் காட்சி ஒன்றை இவ்வவையினர் பலரும் அறிவர். வறுமையும் வழிநடை வருத்தமும் மேலிடப் புலவர் ஒரு பலாமரத்தடியில் ஒதுங்கியிருக்கிறார். மான் கூட்டத்தை வீழ்த்திய வேட்டுவன் ஒருவன் அங்கு வருகிறான். எழ முயன்ற புலவரைக் கையமர்த்தி இருத்துகிறான். உடன் வந்தோர் காட்டினின்று வந்து சேருமுன்னரே தீக்கடைந்து, ஊனைச் சுட்டு, உண்ணத் தருகிறான். அணிகலனும் அளிக்கிறான். நாடு யாது, பெயர் யாது எனக் கேட்டால் விடை கூறாமல் போய்விடுகிறான். அவன் தோட்டி மலைத் தலைவன் நள்ளி என்பது, வழியிற் கண்ட பிறர் சொல்லத்தான் புலவர்க்குத் தெரிகிறது.

இப்பாட்டின் இனிமையை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. நள்ளி பாட்டிற்குள் நுழையும்போதே வேட்டை முடிந்துவிட்டது. எந்தச் சரிவைத் தேர்ந்தான், எப்பொழுது புறப்பட்டான், காற்று எத்திசையினின்று வீசியது என்பன யாவும் பாட்டிற்கு வெளியே நிற்கின்றன. மலையிற் பிறந்து மலையில் வளர்ந்தவனுக்கு அவை மூச்சுப் போல இயல்பாய் அமைந்தவை. ஆதலின் அவற்றைப் பாட வேண்டிய தேவையும் எழவில்லை போலும். மலையிற் பிறவாத ஒருவர் வேட்டைக்குப் போக விழைந்தால் என்ன ஆகும் என்பதே இவ்வுரையின் பொருள். களம் தமிழகம் அன்று. அமெரிக்காவின் மேற்கு மாநிலமாகிய வயோமிங். வேட்டைப்பொருள் மியூல் மான். வேட்டையர், கிழக்கே ஏதோ ஒரு நகரில் வாழும், தந்தையோ பாட்டனாரோ துப்பாக்கி எடுத்தறியாத ஒரு புதியவர். அவருக்கு வழிகாட்டியை அமர்த்தும் பொருள்வளம் இல்லை. சொந்த நிலமும் இல்லை. பொதுநிலத்தில், தம் காலால் நடந்து, தம் முயற்சியால் ஒரு மானைப் பெற வேண்டும் என்பது அவர் கருத்து. மலையில் அவர் கழிக்கப்போவது ஐந்தாறு நாட்கள். அதற்கான ஆயத்தமோ ஓராண்டு, சிலருக்கு இன்னும் பல ஆண்டுகள்.

தொல்காப்பியர் பாடற்பொருளை முதல், கரு, உரி எனப் பகுத்து, நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். விலங்கும் மரமும் பறவையும் கருப்பொருளாய் அவற்றின் பின்னே வருகின்றன. புதிய வேட்டையர் பெரும்பாலோர் இவ்வரிசையைத் தலைகீழாக்கிக் கொள்கின்றனர். படத்திற் கண்ட பெருங்கொம்பே முதலில் அவர்கள் மனத்தில் நிற்கிறது; நிலமும் பொழுதும் பின்னர்ப் பார்த்துக்கொள்ளத்தக்க விவரங்களாகத் தோன்றுகின்றன. பட்டறிவுடையோர் வழி வேறு. அவர்கள் நிலத்திலிருந்து தொடங்குவர்.

எனினும் கேட்போர் நலன் கருதி மானை முதலில் சுருக்கமாக அறிமுகம் செய்தல் தகும். மியூல் என்பது கோவேறு கழுதை. 1804 முதல் 1806 வரை லூயிஸ், கிளார்க் என்பார் தலைமையில் மேற்கே சென்ற பயணக் குழுவினர், இம்மானின் நீண்டகன்ற காதுகளைக் கண்டு இப்பெயரை வழங்கினர். 1817 இல் ராஃபினெஸ்க் என்னும் இயற்கையறிஞர் அளித்த இலத்தீன் பெயரிலும் கழுதையே நிற்கிறது. மரபியலில் மானின் ஆணுக்கு எந்தெந்தப் பெயர் உரியது என்று வரையறுத்த மொழியினருக்கு இப்பெயரிடல் சற்று வறியதாகத் தோன்றலாம். மான் அழகியதுதான். அதன் வாலின் நுனி கருமை. கொம்பு ஒரு கவையாய்ப் பிரிந்து, அக்கவை ஒவ்வொன்றும் மீண்டும் கவைக்கும். கடமானைப் போலவே ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்துப் புதிதாய் வளர்ப்பது. அஞ்சினால் நான்கு குளம்பையும் ஒருசேர ஊன்றித் துள்ளித் துள்ளிச் சரிவேறும். இடையில், ஓடுவதை நிறுத்தி ஒருமுறை திரும்பி நோக்கும் வழக்கமும் அதற்கு உண்டு. மானின் மருண்ட பார்வையைத் தமிழ்ப் புலவர்கள் மகளிர் நோக்கிற்கு உவமையாக்கிக் களித்தனர். வயோமிங் மலையில் வேட்டையரின் விரல் அசைவது பெரும்பாலும் அத்திரும்பு நோக்கின் கணத்தில்தான்.

இனி நிலம். மேற்கு அமெரிக்காவின் பொதுநிலம் என்னும் ஏற்பாடு இந்தியருக்குப் புதுமையானது. நடுவண் அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் பொறுப்பில் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கர், வனப்பணித்துறையின் பொறுப்பில் ஏறத்தாழ 19.3 கோடி ஏக்கர் உள்ளன. இவற்றின் பெரும்பகுதி மேற்கு மாநிலங்களில் கிடக்கின்றது. வயோமிங் மாநிலப் பரப்பில் ஏறத்தாழப் பாதி நடுவண் அரசின் நிலமே. தேசியப் பூங்காக்களில் பொதுவாக வேட்டைக்கு இடமில்லை; ஏனைய இந்நிலங்களில் யாரும் நுழையலாம், நடக்கலாம், கூடாரம் அடிக்கலாம், உரிமம் இருந்தால் வேட்டையாடலாம். வேலி கட்டிய மன்னன் இல்லை, வாயிற்காவலனும் இல்லை. ஓர் ஏக்கரும் இல்லாத கூலித் தொழிலாளியும் இந்நிலத்தின் உடைமையாளருள் ஒருவர் என்பது சட்டம்.

ஆயினும் இப்பொதுமை எவருடைய இழப்பின்மேல் எழுந்தது என்பதை மறத்தல் தகாது. 1868 இல் ஷோஷோனி, பான்னக் மக்களோடும் க்ரோ மக்களோடும் அமெரிக்க அரசு தனித்தனி உடன்படிக்கை செய்தது. அம்மக்கள் தம் பரந்த நிலங்களை விட்டுக்கொடுத்தனர். ஈடாக, குடியேற்றம் நிகழாத அரசு நிலங்களில் வேட்டையாடும் உரிமை அவர்களுக்கு உறுதி செய்யப்பட்டது. 1890 இல் வயோமிங் தனி மாநிலமாயிற்று. மாநிலம் பிறந்ததும் அவ்வுரிமை மாய்ந்தது என 1896 இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. அக்கருத்தைக் கைவிட்டு, மாநிலம் பிறந்ததனால் உடன்படிக்கை உரிமை அழிந்துவிடவில்லை என அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2019 இல். இடைப்பட்ட 123 ஆண்டுகளில், தம் முன்னோர் வேட்டையாடிய மலையில் மான் தேடியவர் குற்றவாளி எனப்பட்டார். பொதுநிலம் என்னும் சொல்லைப் புதியவர் பெருமிதத்தோடு உச்சரிக்கும்போது, அச்சொல்லின் அடியில் இவ்வரலாறு கிடப்பதை அறிந்திருத்தல் நன்று.

நிலப்படத்தை விரித்தால் இரண்டாவது சிக்கல் வெளிப்படும். தெற்கு வயோமிங்கின் நிலப்படம் சதுரங்கப் பலகை போன்றது. இருப்புப்பாதை அமைத்த நிறுவனங்களுக்கு 1862 ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தமும் பாதையின் இருபுறத்தும் ஒன்றுவிட்டு ஒரு சதுர மைல் நிலத்தை வழங்கின. ஒவ்வொரு சதுரமும் 640 ஏக்கர். கறுப்புக் கட்டம் தனியாருக்கு, வெள்ளைக் கட்டம் அரசுக்கு என்றாயிற்று. அரசின் இரு கட்டங்கள் ஒன்றையொன்று மூலையில், ஒரு புள்ளியில் மட்டுமே தொடுகின்றன. ஒரு கட்டத்திலிருந்து மற்றதற்கு எவ்வாறு செல்வது? மூலையைத் தாண்டும்போது தோளும் முதுகுப்பையும் தனியாரின் காற்றுவெளியில் ஒரு நொடி புகுந்து மீள்கின்றன. அஃது அத்துமீறலா?

கற்பனை வழக்குப் போலத் தோன்றும் இவ்வினா உண்மையிலேயே நீதிமன்றம் ஏறியது. மிசௌரி மாநிலத்து வேட்டையர் நால்வர் 2021 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், வயோமிங்கின் எல்க் மலைப்பகுதியில் இத்தகைய மூலையொன்றில் இரும்பு ஏணியை நிறுத்தி, தனியார் மண்ணில் காலடி படாமல் ஒரு பொதுக்கட்டத்தினின்று மற்றொரு பொதுக்கட்டத்தில் இறங்கினர். அவர்கள்மேல் குற்ற வழக்குத் தொடரப்பட்டது. 2022 இல் சான்றாயத்தார் அவர்களை விடுவித்தனர். பெருநிலவுடைமையாளர் இழப்பீடு கோரி உரிமையியல் வழக்கும் தொடுத்தார். நடுவண் மாவட்ட நீதிமன்றம் 2023 இல் வேட்டையர் பக்கம் நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சு மாதத்தில் அதனை உறுதி செய்தது. பொதுநிலத்தை வளைத்துப் பிறர் புகாது தடுத்தலைக் குற்றமாக்கிய 1885 ஆம் ஆண்டுச் சட்டமே தீர்ப்பின் அடிப்படை. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. மேற்கு மாநிலங்களில் மூலையால் பூட்டுண்டு கிடக்கும் பொதுநிலம் ஏறத்தாழ 83 இலட்சம் ஏக்கர் என்பது நிலப்பட நிறுவனம் ஒன்றின் கணக்கு. ஓர் ஏணிக்குள் இவ்வளவு நிலம் அடங்கியிருந்தது. எனினும் அம்மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஆட்சியெல்லைக்கு உட்பட்ட ஆறு மாநிலங்களையே அத்தீர்ப்பு கட்டுப்படுத்தும். பக்கத்து மாநிலமாகிய மொன்டானாவில் அதே ஏணியை நிறுத்த முற்படுபவர் முதலில் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுதல் நலம்.

நிலத்தைத் தேர்தல் என்பது அழகிய மலையைத் தேர்தல் அன்று என்பது இதனால் விளங்கும். அரசு நிலம், தனியார் நிலம், மாநில அறக்கட்டளை நிலம் ஆகியவற்றை நிறம் பிரித்துக் காட்டும் படங்கள் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. மலைமேல் சைகை கிடைக்காது. ஆதலின் படத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும், தாளில் அச்சிட்டதொன்றும் பையில் இருக்க வேண்டும். பொதுச்சாலை எங்குப் பொதுநிலத்தைத் தொடுகிறதோ அவ்விடத்தைத் தேடிக் குறித்துக்கொள்ளுதலே முதல் வேலை. 1964 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் காட்டுநிலம் என அறிவிக்கப்பட்ட பகுதிகளில், வெளிமாநிலத்தார் பெருவிலங்கு வேட்டையாட வேண்டுமாயின் உரிமம் பெற்ற வழிகாட்டியோ உள்ளூர்த் துணையோ உடன் வரவேண்டும் என்பது வயோமிங்கின் தனி விதி. நடக்கத் தடையில்லை, மீன் பிடிக்கத் தடையில்லை, மான் வேட்டைக்கு மட்டும் துணை வேண்டும். காப்புக் கருதி எழுந்த விதி என்பர். வழிகாட்டிகளின் வருவாய் கருதி எழுந்தது என்பாரும் உளர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை.

நிலம் நடுவண் அரசினது; அதன்மேல் வளரும் புல் மேய்ச்சல் உரிமம் பெற்ற பண்ணையாரின் மாடுகளுக்கு உரியது; மானோ மாநிலத்தின் உடைமை என்கிறது வயோமிங் சட்டம். எனவே நடுவண் நிலத்தில் நுழைய எவர் இசைவும் வேண்டாத புதியவர், அங்கு நிற்கும் மானுக்காக மாநிலத்தின் வேட்டை, மீன்வளத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். 1966 ஆம் ஆண்டிலும் அதன் பின்னும் பிறந்தவராயின் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று இன்றியமையாதது. உள்ளூரார் பொது உரிமத்தை நேரே வாங்கிக்கொள்ளலாம். வெளிமாநிலத்தார் மண்டலம் ஒன்றைக் குறிப்பிட்டுக் குலுக்கலில் பங்கு பெற வேண்டும். குலுக்கலில் நான்கில் மூன்று பங்கு உரிமங்கள் முன்னுரிமைப் புள்ளி மிகுந்தோர்க்கும், எஞ்சிய ஒரு பங்கு நல்வாய்ப்புக்கும் ஒதுக்கப்படுகின்றன. ஆண்டுக்கு ஒரு புள்ளி. விரும்பத்தக்க மண்டலங்களுக்குப் பல புள்ளிகள் சேர வேண்டும். குறிஞ்சி நிலத்துக்குச் செல்ல விழைபவர் முல்லைக்குரிய இருத்தலைப் பல ஆண்டு பயில வேண்டியிருப்பது திணைமயக்கத்திற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இக்கெடுபிடிகள் வீணெனக் கருதுவோர்க்கு ஒரு செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தகைய கட்டுப்பாடு பெரும்பாலும் இல்லை. சந்தைக்காக மான்களைச் சுட்டு வண்டி வண்டியாய் ஏற்றி அனுப்பினர். மான் இனங்கள் அருகின. சட்டத்திற்கு மாறாகப் பெற்ற காட்டுயிர்களை மாநிலம் விட்டு மாநிலம் கடத்துவதைக் குற்றமாக்கிய லேசி சட்டம் 1900 இல் வந்தது. 1937 இல் துப்பாக்கிகள், தோட்டாக்கள் ஆகியவற்றின்மேல் விதிக்கும் வரியைக் காட்டுயிர்ப் பேணலுக்கு ஒதுக்கிப் பிட்மன், ராபர்ட்சன் ஆகியோர் பெயரால் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நெடுந்துப்பாக்கிக்கு அவ்வரி 11 விழுக்காடு. குறிபார்த்துப் பழக வாங்கும் தோட்டாப் பெட்டியிலும் மானின் பங்கு இருக்கிறது.

அடுத்து, பொழுது. மேற்கு வயோமிங்கின் உயர்மலைகளில் பொது வேட்டைக்காலம் செப்டம்பர் நடுவிலேயே தொடங்குவதுண்டு. பிற பல பகுதிகளில் அக்டோபரில். இருவேறு பொழுதும் இருவேறு வேட்டை. செப்டம்பரில் ஆண்மான்கள் கொம்பின் மென்தோலை உரித்துவிட்டு, மரம் அடங்கும் உயரத்திற்கு அண்மையில் சிறு குழுக்களாய்த் திரியும். அக்டோபரில் அவை அடர்காட்டில் ஒடுங்கி இரவில் மேயும். கண்ணிற் படுவது அரிது. பெரும்பனி விழுந்தால் நிலைமை மாறும். மலை முழுதும் கீழ்நோக்கி நகரத் தொடங்கும்.

அந்நகர்வின் அளவு அண்மைக் காலத்தில்தான் அறியப்பட்டது. ஹால் சாயர் என்னும் உயிரியலாளர், கழுத்துப்பட்டைக் கருவிகளின் துணையால், செம்பாலை எனப்படும் ரெட் டெசர்ட்டில் குளிர்காலத்தைக் கழிக்கும் மியூல் மான்கள் வடக்கே ஹோபேக் பள்ளத்தாக்கு வரை ஏறத்தாழ 240 கிலோமீட்டர் செல்வதைக் கண்டறிந்தார். 2014 இல் அம்முடிவு வெளியாயிற்று. நெடுஞ்சாலைகளையும் எண்ணற்ற முள்வேலிகளையும் கடந்து ஆண்டுக்கு இருமுறை நிகழும் பயணம் அது. பைன்டேல் நகரருகே ஃப்ரீமான்ட் ஏரிக்கும் ஊருக்கும் இடையில் ஆயிரக்கணக்கான மான்கள் ஒரு குறுகிய நிலத்துண்டின் வழியே நெருக்கியடித்துச் செல்ல வேண்டியிருந்தது. 364 ஏக்கர் கொண்ட அத்தனியார் நிலம் பின்னர் விலைக்கு வாங்கப்பட்டு மான்வழியாகக் காக்கப்பட்டது. அதே வட்டாரத்தில் ட்ராப்பர்ஸ் பாயின்ட் என்னுமிடத்தில், விலங்குகள் கடப்பதற்கென நெடுஞ்சாலைக்கு மேல் கட்டப்பட்ட பாலங்கள் 2012 இல் நிறைவுற்றன. இவ்வழியைக் குட்டி தாயின் பின்னே நடந்து கற்றுக்கொள்கிறது. தாய் வழியிலேயே மடிந்தால் குட்டியுடன் வழியும் அழியக்கூடும். ஓலைச்சுவடியைப் படியெடுக்க ஆளின்றிப் போன கதையைத் தமிழறிந்தார்க்கு விளக்க வேண்டுவதில்லை.

2022 இறுதியில் தொடங்கிய குளிர்காலம் அவ்வழியின் மீது பேரிடியாய் விழுந்தது. பனி ஆழமாய்ப் படிந்து நெடுநாள் உருகவில்லை. வயோமிங் மலைத்தொடரில் ஆய்வுக்காகப் பட்டை மாட்டப்பட்டிருந்த குட்டிகள் ஏறத்தாழ அனைத்தும் 2023 இளவேனிலுக்குள் இறந்தன. பெண்மான்களிலும் பாதிக்கு மேல் மடிந்தன. துறையினர் அப்பகுதி வேட்டையைக் குறைத்தனர். பல ஆண்டு புள்ளி சேர்த்துக் காத்திருந்தவர் அவ்வாண்டு விண்ணப்பிப்பதா, விலகி நிற்பதா என்பது விதிநூலில் விடை இல்லாத வினா. விலகி நின்றோரும் உண்டு. நிலத்தையும் பொழுதையும் உண்மையாகவே கற்றவர்க்கு, அவ்வாண்டின் பொழுது வேட்டைக்குரியதன்று என்பது விளங்கியிருக்கும்.

உடலையும் கையையும் ஆயத்தம் செய்தல் பற்றிச் சில சொற்கள் போதும். களம் கடல்மட்டத்திற்கு மேல் 2,000 முதல் 3,000 மீட்டர் உயரத்தது. சமவெளியினர் ஓரிரு நாள் முன்னரே சென்று மூச்சைப் பழக்க வேண்டும். சுமையோடு ஏறி இறங்கும் பழக்கத்தைக் கோடையிலேயே தொடங்க வேண்டும். துப்பாக்கி விலையுயர்ந்ததாய் இருக்கத் தேவையில்லை. மானின் நெஞ்சளவாகிய ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் தட்டை, படுத்தும் அமர்ந்தும் மூச்சிரைக்க ஏறி வந்து நின்றும், தவறாமல் எத்தொலைவில் அடிக்க இயலுகிறதோ அதுவே அவருடைய எல்லை. பெரும்பாலான புதியவர்க்கு அஃது 200 மீட்டரை ஒட்டியது. கருவியின் ஆற்றலை நம்பி 700, 800 மீட்டரிலிருந்து சுடுதல் இன்று சிலரிடையே பெருமையாகப் பேசப்படுகிறது. தோட்டா சென்றடையுமுன் மான் ஓரடி எடுத்துவைத்தால் நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றிற் பாயும். அணுகத் தெரியாமையை மறைக்கும் திறமை அது. அதனைப் பெருமை எனல் பொருந்தாது.

அணுகுதல் என்பது பெரும்பாலும் அசையாதிருத்தல். விடியுமுன் ஓர் உயர்ந்த மேட்டில் அமர்ந்து, முக்காலியிற் பொருத்திய இருகண் தொலைநோக்கியால் எதிர்ச்சரிவைக் கட்டம் கட்டமாய்ப் படிக்க வேண்டும். முழுமான் தென்படாது. சாம்பற் பசுமையான சேஜ்பிரஷ் புதரிடையே ஒரு காதின் விளிம்பு, கிளை போல் தோன்றிக் கிளையல்லாத ஒரு கோடு, ஒரு வெண்பட்டை, இவ்வளவே தெரியும். வெயிலேறினால் மான் வடக்கு நோக்கிய நிழற்சரிவில் படுக்கும். படுத்த இடத்தைக் கண்டபின், காற்று. குளிர்ந்த காலையில் காற்று மலையினின்று பள்ளத்திற்கு வழியும். ஞாயிறு சுட்டபின் பள்ளத்தினின்று மேலேறும். மாலையில் மீண்டும் இறங்கும். இம்மாற்றத்தை அறியாதவர் எவ்வளவு மெல்ல நடந்தாலும் அவருடைய வாடை அவருக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிடும். கதிரெழுவதற்கு அரைமணி முன்னும் கதிர் விழுந்து அரைமணி பின்னும் வரையே சுடலாம் என்பது விதி. துப்பாக்கி வேட்டையர், ஒளிரும் செம்மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் தொப்பியோ மேலாடையோ ஒன்றேனும் அணிய வேண்டும். அந்நிறம் மனிதர் கண்ணுக்குத் தீப்போல் தெரியும். மானின் கண் அதனை அவ்வாறு பிரித்தறியாது.

இவ்விடத்தில் அவையினர் சிலர் மனத்தில் எழும் மறுப்பைத் தவிர்த்துச் செல்லுதல் நேர்மையாகாது. வள்ளுவர் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். இந்தியாவில் 1972 ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் மான் வேட்டை குற்றம். இவ்வளவு திட்டமிட்டு, இவ்வளவு கற்று, இறுதியில் ஓர் உயிரைக் கொல்வதா என்னும் வினாவிற்கு மேற்கு அமெரிக்க வேட்டையரிடம் முழுமையான விடை இல்லை. விலங்குத் தொகையைக் கட்டுப்படுத்துகிறோம் என்னும் விடை, 2023 போன்ற ஆண்டில் நிற்காது. இறைச்சிக் கடையில் உறையிட்டு வாங்குவதைவிடத் தம் கையாற் கொன்று உண்பது நேர்மையானது என்னும் விடைக்குச் சற்று வலிமை உண்டு. அதுவும் புலால் உண்பாரிடையே மட்டும் செல்லும் வாதம். கொல்லாமையை நோன்பாகக் கொண்டவர்க்கு அது விடையாகாது.

ஆனால் மறுப்பவரும் கருதத்தக்க நிகழ்ச்சி ஒன்று 2025 கோடையில் நடந்தது. 11 மேற்கு மாநிலங்களில் ஏறத்தாழ 20 இலட்சம் முதல் 30 இலட்சம் ஏக்கர் வரை பொதுநிலத்தை விற்க வகைசெய்யும் முன்மொழிவு அமெரிக்க மேலவையில் வந்தது. மலையேறுவோரும் பறவை நோக்குவோரும் எதிர்த்தனர் என்பதில் வியப்பில்லை. அவர்களோடு வேட்டையரும், பல கட்சியினராய் இருந்தும், ஒன்றுபட்டு எதிர்த்தனர்; சூன் மாத இறுதியில் முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. ஒரு சரிவில் ஐந்து நாள் அசையாதிருந்து அதனைப் படித்தவர்க்கு அந்நிலத்தை விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை. கொல்ல வந்தவர் காக்க நின்றார் என்பது முரண்தான். முரணைத் தீர்க்க முயல்வதினும் உள்ளவாறே குறித்து வைத்தல் மேல்.

திட்டத்தின் இறுதிப் பகுதியைப் புதியவர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். மான் விழுந்தபின் உண்மையான உழைப்பு தொடங்குகிறது. உரிமச் சீட்டில் நாள் குறித்து, கையொப்பமிட்டு, உடலோடு இணைக்க வேண்டும். தோலை நீக்கி, இறைச்சியைப் பகுத்து, காற்றுப் புகும் துணிப்பைகளிலிட்டு நிழலில் தொங்கவிட்டு, ஈரம் உலரச் செய்ய வேண்டும். எலும்பு நீக்கிய இறைச்சியே 30 கிலோவை ஒட்டி வரும். கூடாரமும் துப்பாக்கியும் சேர்ந்தால் ஒருவர் ஒருநடையில் சுமக்க இயலாது. ஆகவே மானைக் கண்டவுடன் எழவேண்டிய முதல் வினா, அங்கிருந்து சாலை எவ்வளவு தொலைவு என்பதே. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் அழிய விடுதல் சட்டப்படி குற்றம். கொம்பை மட்டும் அறுத்துக்கொண்டு இறங்குவோரை மேற்கு மாநில வேட்டையரே இழிவாகக் கருதுவர். வடமேற்கு வயோமிங்கில் பெருங்கரடிகள் உண்டு. இறைச்சியைக் கூடாரத்தினின்று நெடுந்தொலைவில் வைக்க வேண்டும்.

புறநானூற்றின் வேறொரு பாட்டில், மான் தசையைக் கொண்டுவந்த வேட்டுவனுக்கு உழவர் மனையோர் நெல் அளந்து தருகின்றனர். வயோமிங்கில் அப்பண்டமாற்று நிகழாது. சந்தையே மானை அழித்தது என்னும் பட்டறிவால், காட்டுமானின் இறைச்சியை விற்றல் தடை செய்யப்பட்டுள்ளது. உண்ணலாம், உற்றார்க்கும் அயலார்க்கும் கொடுக்கலாம். நள்ளியின் வழி மட்டுமே திறந்திருக்கிறது.

கொடுக்குமுன் ஒரு தாமதம் உண்டு. 1967 இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மியூல் மான்களிடம் முதன்முதல் காணப்பட்ட நாட்பட்ட மெலிவு நோய் இன்று வயோமிங்கின் பெரும்பகுதியில் பரவியுள்ளது. உருத்திரிந்த பிரியான் புரதத்தால் வரும் அந்நோய் மானின் மூளையை அரிக்கும், மருந்தில்லை. மனிதருக்குத் தொற்றியதாக உறுதி செய்யப்பட்டதில்லை. ஆயினும் நோயுற்ற மானை உண்ணலாகாது என்பது மருத்துவத் துறையினர் அறிவுரை. மூளையும் தண்டுவடமும் மாநில எல்லை கடவாதபடி விதிகள் உள்ளன. வழியிலுள்ள சோதனை நிலையத்தில் துறைப் பணியாளர் மானின் கழுத்து நிணநீர்க் கணுக்களை வெட்டியெடுத்து, எண் எழுதி அனுப்புவர். புதியவர் இரண்டு நாள் வண்டியோட்டி வீடு சேர்கிறார். இறைச்சியைத் தாளிற் சுற்றி, நாள் குறித்து, உறைபெட்டியில் அடுக்குகிறார். அண்டை வீட்டாருக்கென ஒரு பொதி தனியே வைக்கப்பட்டிருக்கிறது. முடிவு வரும்வரை அது காத்திருக்கும்.